வணிக நிறுவனங்களின் கைக்கு வந்த பிறகும் கட்டற்ற மென்பொருள் தன் இயல்பில் நிற்குமா? கோஹாவை முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி: தகடூர் நூலகர், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் நூலகராகப் பணியாற்றுகிறேன். எங்கள் நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிப்பு, நூல் வழங்கல், நிலுவைக் கணக்கு, மாணவர்கள் நூல்களைத் தேடும் இணையப் பட்டியலான ஓபேக் என அனைத்தும் கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருளில் நடக்கின்றன. அதன் மூலநிரலை, அதாவது நிரலர்கள் எழுதிய மூல வரிகளை, யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட எங்கள் சர்வர் பழையதாகிவிட்டதால், ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் மேகக் கணினிச் சேவைக்குக் கோஹாவை மாற்றிவிடலாம் என்று நிர்வாகம் கருதுகிறது. கல்லூரிகளின் தரத்தை ஆராயும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் நூலகம் கணினிமயமாக்கப்பட்டுள்ளதா என்றுதான் கேட்கிறார்கள், அது யாருடைய கணினியில் இயங்குகிறது என்று கேட்பதில்லை என்பது அவர்களுடைய வாதம்.

அந்த நிறுவனத்தின் செயல்விளக்கத்தைப் பார்த்தேன். தமிழ்நூல் தேடலை அவர்கள் உண்மையிலேயே நன்றாகச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். 'நடுகல்' என்று தட்டினால் 'நடுகற்கள்' என்ற சொல் தலைப்பில் உள்ள நூல்களும் வந்துவிடுகின்றன. ஊருக்கு ஊர் நடுகல் நிற்கும் இந்த மாவட்டத்தில், வரலாற்றுத் துறை மாணவர்கள் அன்றாடம் கேட்டு வருகிற வசதி இது. அந்த மாற்றங்களின் மூலநிரலைத் தருவீர்களா என்று கேட்டபோது, அது தங்களுடைய சொந்தப் படைப்பு என்றும், தங்கள் சேவைக்கு வரும் நூலகங்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்றும் பதில் கூறினார்கள்.

கட்டணம் வாங்குவதை நான் குறை கூறவில்லை. உழைப்புக்கு ஊதியம் வேண்டும். ஆனால் உலகெங்கும் உள்ள நூலகர்களும் நிரலர்களும் பொதுவில் வைத்துவிட்டுப் போன ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு சிறு அடுக்கைக் கட்டி, அந்த அடுக்கைப் பூட்டி வைப்பதைப் பார்க்கும்போது, கோஹா என்ற பெயர் மட்டும் மிஞ்சி அதன் உள்ளீடு கரைந்துவிடுமோ என்ற கவலை எழுகிறது. இது கோஹாவுக்கு மட்டும் உரிய நிலையும் அன்று. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டை 2019-இல் 3,400 கோடி டாலருக்கு ஐபிஎம் வாங்கியது. நிரலர்கள் மூலநிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தை 2018-இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. பெரிய முதலீடு வந்து சேர்ந்த பிறகும் கட்டற்ற மென்பொருள் தான் பிறந்த நோக்கத்தோடு நிற்க முடியுமா? அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால், நூலகக் குழுக் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்பதில் எனக்கும் தெளிவு கிடைக்கும்.

பதில்: ஓசூர் நிரலர்

மதிப்பிற்குரிய நூலகருக்கு வணக்கம். ஓசூரிலிருந்து பெங்களூரு மின்னணு நகரத்துக்கு வேலைக்குச் சென்று வருபவன் நான். சர்வர் மென்பொருள் எழுதுவது என் தொழில்.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். கோஹா ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளிவருகிறது. மென்பொருளின் நகலை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்பது அந்த உரிமத்தின் விதி. நகலைக் கொடுக்காமல் தன் சர்வரிலேயே இயக்கி, உலாவி வழியாகப் பயன்படுத்தச் செய்தால் அந்தக் கடமை எழுவதில்லை. இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே 2007-இல் அஃபெரோ ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. வலையமைப்பு வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் பெறும் உரிமையை அது தருகிறது. கோஹா அந்த உரிமத்தில் இல்லை. ஆகவே அந்த நிறுவனம் விதியை மீறவில்லை. அவர்கள் செய்வது சரியா என்பது வேறு கேள்வி. எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

வணிகம் உள்ளே வந்ததால் கட்டற்ற மென்பொருள் கெட்டது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் வாழ்க்கை நடத்தினார். லினக்ஸ் கருநிரலுக்கு, அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் கொடுத்த முதல் உரிமம், அதைப் பணத்துக்கு வழங்கக் கூடாது என்று தடுத்தது. 1992-இல் அவர் ஜிபிஎல்லுக்கு மாறியபோது அந்தத் தடை நீங்கியது. அதன் பிறகே லினக்ஸ் விரிந்து பரவியது. விற்பனைக்குக் கதவைத் திறந்துவிட்டு, மூலநிரலைப் பூட்டும் கதவை மட்டும் அடைத்த அந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. இன்று கருநிரலில் எழுதுவோரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தில் ஊதியம் பெறுபவர்கள்தான். இருந்தும் எந்த நிறுவனமும் அதை மூட முடியவில்லை. அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது என்பதும், அவர்கள் அனைவரையும் ஒப்புக்கொள்ள வைத்து உரிமத்தை மாற்றுவது நடவாத காரியம் என்பதுமே காரணம்.

மாறிப்போன திட்டங்களை எடுத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே நிறுவனத்தின் கையில் கடிவாளம் இருந்திருக்கிறது. தரவுத்தள நிறுவனமான மாங்கோடிபி 2018-இல் தன் உரிமத்தைக் கட்டுப்பாடு மிக்கதாக மாற்றியது. எலாஸ்டிக்ஸெர்ச் என்ற தேடல் மென்பொருளை உருவாக்கிய எலாஸ்டிக் 2021-இல் மாற்றியது. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் 2023-இலும் தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024-இலும் அவ்வாறே செய்தன. அவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தாங்கள் எழுதியதை எடுத்துப் பெரிய மேகக் கணினி நிறுவனங்கள் சேவையாக விற்றுச் சம்பாதித்தபோது, எழுதியவர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து பங்களித்தவர்களிடம் முன்கூட்டியே ஒப்பந்தக் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததாலோ, ரெடிஸில் இருந்ததுபோல் தொடக்க உரிமமே எதையும் தடுக்காத அளவுக்குத் தளர்வாக இருந்ததாலோதான் ஒரே நாளில் மாற்ற முடிந்தது.

அதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். எலாஸ்டிக்ஸெர்ச்சிலிருந்து ஓபன்ஸெர்ச் தனித் திட்டமாகப் பிரிந்தது. டெராஃபார்மிலிருந்து ஓபன்டோஃபு பிரிந்தது. ரெடிஸிலிருந்து வால்கீ பிரிந்தது. எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் அஃபெரோ உரிமத்தையும் தெரிவுகளுள் ஒன்றாகச் சேர்த்துத் திரும்பி வந்தன. பழைய பதிப்பின் மூலநிரலை எடுத்துக்கொண்டு பிரிந்து போகும் உரிமை இருந்திராவிட்டால் இந்தத் திரும்புதல் நடந்திருக்குமா என்பது ஐயம்தான்.

கோஹாவின் வரலாற்றிலேயே உங்கள் கவலைக்குப் பாதி விடை இருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தாங்காது என்ற நிலையில், கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்தைக் கொண்டு அவர்கள் எழுதுவித்தது கோஹா. அது 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள நெல்சன்வில் பொது நூலகம் பணம் கொடுத்து, நூல் விவரங்களைப் பதியும் பொது வடிவமான மார்க் பதிவு வசதியைச் சேர்க்கச் செய்தது. பின்னர் லிப்லைம் என்ற நிறுவனம் 2007-இல் கட்டிப்போவின் கோஹா பிரிவை வாங்கியது. திட்டத்தின் இணைய முகவரியும் அதன் கைக்குப் போனது. 2009-இல் அது தன் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு தனிப் பதிப்பை வளர்க்கத் தொடங்கியபோது, உங்களுக்கு இன்று தோன்றும் இதே கவலை உலகெங்கும் உள்ள நூலகர்களுக்குத் தோன்றியது. அவர்கள் வேறு இணைய முகவரிக்கு மாறி, மூலநிரலை அங்கே வைத்து, வேலையைத் தொடர்ந்தார்கள். கோஹா என்ற பெயரையே நியூசிலாந்தில் வணிகக்குறியாகப் பதிந்துகொள்ள லிப்லைம் வழியாக முயற்சி நடந்தது. அதை அந்த நூலக அறக்கட்டளை எதிர்த்து நின்றது. 2013 இறுதியில் அறக்கட்டளையின் பக்கமே முடிவு வந்தது. நீங்கள் இன்று பயன்படுத்தும் கோஹா, பிரிந்து வந்த அந்த நூலகர்கள் வளர்த்த கோஹாதான்.

எனவே, நிறுவனம் வந்ததா என்று பார்ப்பதைவிட, பதிப்புரிமையும் பெயரும் இணைய முகவரியும் யாரிடம் இருக்கின்றன என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று கருதுகிறேன். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் திட்டத்தின் மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது என்று ஒரு மரபு உண்டு. 2020-இல் இரண்டு பெரிய போஸ்ட்கிரெஸ் நிறுவனங்கள் ஒன்றானபோது அந்த மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று மையக் குழுவே வெளிப்படையாக அறிவித்தது. அந்த மென்பொருளின் உரிமம் ஜிபிஎல்லைப் போலக் கடுமையானது அன்று. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். அப்படியும் அது பொதுவில் நிற்பதற்கு அதன் அமைப்பு முறையே காரணம்.

பதில்: காவேரிப்பட்டணம் ஆசிரியர்

ஓசூர் நண்பர் எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் பதிப்புரிமை சிதறிக் கிடந்தால் போதும் என்ற முடிவில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகக் கருதுகிறேன்.

அவர் காட்டிய லினக்ஸ் கருநிரலையே எடுத்துக்கொள்வோம். என் வகுப்பில் பெற்றோரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தொடாத மாணவர் இல்லை. அந்தக் கைப்பேசிகள் அனைத்துக்குள்ளும் லினக்ஸ்தான் ஓடுகிறது. அவற்றுள் எத்தனையில் உரிமையாளர் தான் மாற்றியமைத்த கருநிரலை ஏற்றி இயக்க முடியும்? கைப்பேசியை இயக்கத் தொடங்கும் தொடக்க நிரல் பலவற்றில் பூட்டப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்திருந்தாலும், மக்கள் அன்றாடம் நம்பியிருக்கும் கூகுளின் பிளே சேவைகள் மூடப்பட்டவை. இப்படிக் கருவியைப் பூட்டி மூலநிரலை மட்டும் காட்டும் வழக்கத்தைத் தடுக்கவே 2007-இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் புதிய விதியைச் சேர்த்தார்கள். கருநிரல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. டோர்வால்ட்ஸுக்கு அந்த விதி பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் ஆயிரக்கணக்கான பதிப்புரிமையாளர்களிடம் ஒப்புதல் வாங்கியிருக்க முடியாது. ஆக, மூட விடாமல் காத்த அதே அமைப்பு, உரிமையை வலுப்படுத்தவும் விடவில்லை.

எங்கள் பள்ளியில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட, தமிழில் இயங்கக்கூடிய இயங்குதளம் அது. என் மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. கற்பிக்க எங்களுக்குப் பயிற்சி இல்லை, பாடநூலில் அதற்கு இடமும் இல்லை. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடத்தையே கட்டற்ற மென்பொருளில் அமைத்தன. அங்கே அது வேரூன்றியது. உரிமம் இரண்டு மாநிலங்களிலும் ஒன்றுதான்.

திறந்திருக்கும் மூலநிரலைப் படித்து மாற்றக்கூடியவர்கள் நம்மிடையே இல்லையென்றால், அந்த உரிமை தாளில் மட்டுமே இருக்கும். உங்கள் நூலகத்தில் நாளை அந்த நிறுவனம் தமிழ்த் தேடல் நிரலை முழுதாகக் கொடுத்துவிட்டால், அதை நிறுவிப் பராமரிக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் நூலகக் குழுவில் கேளுங்கள். இதை உங்களைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கல்லூரியில் கணினித் துறை இருக்குமானால், அந்த மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயல்திட்டம் கிடைக்காது.

பதில்: கிருஷ்ணகிரி கோஹா சேவையாளர்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கல்லூரி, பள்ளி நூலகங்களுக்குக் கோஹா நிறுவித் தருவதும் பராமரிப்பதும் என் பிழைப்பு. ஆகவே வணிகத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் தேவை என்று எழுதுகிறேன்.

பணம் இல்லாத இடத்தில் கட்டற்ற மென்பொருள் தூய்மையாக இருக்கும் என்று நினைப்பது ஆபத்தானது. 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகின் இணையப் பரிமாற்றத்தில் பெரும்பங்கைக் காத்துவந்த அந்த நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மிகக் குறைந்த நிதியில் பராமரித்து வந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2024-இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் நடந்தது இன்னும் கொடுமை. ஊதியமின்றித் தனியாகப் பராமரித்துக் களைத்துப்போன ஒருவருக்கு உதவுவதுபோல் வந்து, சில ஆண்டுகள் நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் பிறர் கணினிக்குள் இரகசியமாக நுழைய வழிவிடும் பின்வாசல் ஒன்றை உள்ளே வைத்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ்கியூஎல் நிரலர், மைக்ரோசாஃப்ட் ஊழியர். தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்திருக்கிறார். மூலநிரல் திறந்திருந்ததாலும், அதைத் துருவிப் பார்க்கத் திறனும் நேரமும் உள்ள ஒருவர் இருந்ததாலும் பெரும் தீங்கு தவிர்ந்தது.

நிறுவனம் விலகிய பிறகும் ஒரு மென்பொருள் உயிரோடு இருப்பதற்கு, நம் துறைக்கு நெருக்கமான சான்று டெசராக்ட். அச்சு எழுத்தைப் படிக்கும் அந்த நிரலை ஹெச்பி நிறுவனம் 1985 முதல் பத்தாண்டுக் காலம் உருவாக்கிப் பின் கிடப்பில் போட்டது. 2005-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2006 முதல் கூகுள் ஆதரித்து வளர்த்தது. தமிழும் அதில் சேர்ந்தது. கூகுளின் கவனம் பின்னர் வேறு பக்கம் போய்விட்டது. இன்று அதைத் தாங்கி நிற்பவற்றுள் ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம் முக்கியமானது. ஒரு நூலகம் அதைச் செய்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும்.

இனி உங்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மேகக் கணினிக்குப் போவதில் தவறில்லை. பென்னாகரம் பக்கம் எங்கள் வாடிக்கையாளர் சிலருக்கு இணையம் அறுந்துவிட்டால் வழங்கல் மேசையே நின்றுவிடும் என்பதால் உள்ளூர் சர்வரையே வைத்திருக்கிறோம்; தருமபுரி நகரில் அந்தச் சிக்கல் குறைவு. இணையம் இல்லாத நேரத்தில் வழங்கலைப் பதிந்து பின்னர் ஏற்றும் வழியையும் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் விடாப்பிடியாகக் கேட்பவை இவை. முழுத் தரவுத்தளத்தின் நகல், அதாவது மரியாடிபி டம்ப் கோப்பு, மாதந்தோறும் உங்கள் கைக்கு வர வேண்டும். நூற்பதிவுகள் மட்டும் மார்க் 21 கோப்பாக வந்தால் போதாது; உறுப்பினர் விவரமும் வழங்கல் வரலாறும் அதில் வராது. ஓபேக்கின் இணைய முகவரி கல்லூரியின் பெயரிலேயே பதிவாகி இருக்க வேண்டும். லிப்லைம் விவகாரத்தில் முகவரி கைமாறியது எவ்வளவு தொல்லை தந்தது என்பதை ஓசூர் நண்பரே எழுதியிருக்கிறார். ஒப்பந்தம் முடிந்தால், அவர்கள் செய்த மாற்றங்கள் இல்லாத வழக்கமான கோஹாவில் உங்கள் தரவு அப்படியே இயங்க வேண்டும்; அதை ஒரு முறை சோதனையாக நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு ஒப்பாத நிறுவனத்திடம் போகாதீர்கள்.

தமிழ்த் தேடலைப் பற்றி ஒன்று. கோஹாவின் ஜீப்ரா தேடல் பொறியில் எழுத்துகளைக் கையாள இரண்டு முறைகள் உண்டு. பழைய சிஎச்ஆர் முறையில் தமிழ் சரியாகப் பிரியாது. பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்கினாலே நிலைமை பெருமளவு சீராகிவிடும். அதற்கு யாருடைய தனி நிரலும் வேண்டியதில்லை. 'நடுகல்' தேடினால் 'நடுகற்கள்' வருவது அதற்கும் மேற்பட்ட வேலை. அதை எழுதியவர்கள் உழைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பைவாட்டர், பிப்லிப்ரே, கேட்டலிஸ்ட் போன்ற கோஹா சேவை நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதுவதைக் கோஹாவின் பொதுக் களஞ்சியத்துக்கே அனுப்புகின்றன; அவர்களுடைய தொழில் அதனால் படுத்துவிடவில்லை. ஒவ்வொரு புதிய கோஹா பதிப்பிலும் தன் தனி மாற்றத்தை மறுபடி ஒட்டவைக்கும் செலவு பொதுவில் சேர்த்துவிட்டால் மிச்சம் என்பதை அந்த நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கல்லூரி தனியாகக் கேட்டால் கேட்பார்களோ, மாட்டார்களோ. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் நூலகங்கள் சில சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள்.

பதில்: தகடூர் நூலகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோஹாவுக்கு இப்படி ஒரு போராட்டம் நடந்திருக்கிறது என்பதை இத்தனை ஆண்டுகள் அதில் வேலை செய்தும் நான் அறியவில்லை.

ஆசிரியர் எழுப்பிய கேள்வி என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. எங்கள் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் துறை இருக்கிறது. அத்துறைத் தலைவரிடம் பேசினேன். பழைய சர்வரை அப்புறப்படுத்தாமல், அதில் ஒரு சோதனைக் கோஹாவை நிறுவி, ஐசியு முறைக்கு மாற்றி, தமிழ்ச் சொல்லின் பன்மை வடிவங்களைத் தேடலில் கொண்டுவரும் முயற்சியை இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவர்கள் எழுதுவது ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் வைக்கப்படும். தேறினால் கோஹாவின் களஞ்சியத்துக்கும் அனுப்புவோம்.

மேகக் கணினிச் சேவைக்குப் போவதை நூலகக் குழுவில் நான் எதிர்க்கப் போவதில்லை. மாதாந்தரத் தரவுத்தள நகல், கல்லூரியின் பெயரில் இணைய முகவரி, வழக்கமான கோஹாவில் மறுநிறுவல் சோதனை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இடம்பெறாமல் கையெழுத்திடக் கூடாது என்று எழுத்தில் கொடுக்கப் போகிறேன். சேவையாளர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: ஐசியுவுக்கு மாற்றும்போது கோஹாவின் எந்தெந்தக் கோப்புகளைத் திருத்த வேண்டும், மறு அட்டவணையாக்கத்தை எந்த நேரத்தில் நடத்துவது நல்லது என்பதை இதே இழையில் எழுதினால், எங்கள் மாணவர்களுக்கும் இதைப் படிக்கும் மற்ற நூலகர்களுக்கும் பயன்படும்.